கூடு விட்டுக் கூடு பாய்ந்த கணினி

ஓருடலை விட்டு வேறோர் உடலிற் புகும் வித்தையைச் சித்தர்கள் அறிந்திருந்தனர் என்பர். நாம் அதனைக் கதைகளிலேதான் படித்திருக்கிறோம். கணினி உலகில் அது மெய்யாகவே நிகழ்ந்ததென்றால் நேயர்கள் வியப்புறக்கூடும்.

கணினியிலே இயந்திரம் உடல். அதனை நடத்தும் இயங்குதளம் உயிர். நம் வீட்டுக் கணினிகள் பலவற்றில் விண்டோஸ் என்னும் உயிரே குடிகொண்டிருக்கிறது. அதனையன்றி வேறு உயிர்களும் உள. அவற்றுள் ஒன்று றிஸ்க் ஓ.எஸ். என்பது.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏகோர்ன் என்றொரு கம்பனி இருந்தது. அங்கே சோபி வில்சன், ஸ்டீவ் பேர்பர் முதலியோர் வடிவமைத்த ஏ.ஆர்.எம். என்னும் சிப் 1985இல் இயங்கத் தொடங்கிற்று. 1987இல் அச்சிப்பைக் கொண்டு ஆக்கிமிடிஸ் என்ற கணினி வெளிவந்தது. அதன் இயங்குதளமே வளர்ச்சியுற்று 1989இல் றிஸ்க் ஓ.எஸ். எனப் பெயர் பெற்றது. பிரித்தானியப் பாடசாலை மாணவர் பலர் அதிற் பயின்றனர். ஆயின், 1998இல் அக்கம்பனி மேசைக் கணினித் தொழிலைக் கைவிட்டது. உடல் வீழ்ந்தது, உயிரும் போய்விடும் போலிருந்தது.

தாய் மறைந்தும் பிள்ளை பெருவாழ்வு பெற்றது. ஏ.ஆர்.எம். சிப்கள் கைத்தொலைபேசிகளிற் புகுந்து உலகெங்கும் பரவின. 2012இல் அதே கேம்பிரிட்ஜில், மாணவருக்கென உள்ளங்கையளவான றாஸ்பெரி பை என்னும் மலிவான கணினி பிறந்தது. அதன் சிப்பும் ஏ.ஆர்.எம். வழிவந்ததே. ஆர்வலர் சிலர் அவ்வாண்டிலேயே றிஸ்க் ஓ.எஸ்.ஸை அதிற் குடியேற்றினர். பாட்டி, பேரன் வீட்டிற்கு வந்து சேர்ந்தாள்!

குடியேற்றும் முறை எளிது. இயங்குதளத்தை ஒரு சிறு மெமரி காட்டில் எழுதிச் செருகினாற் போதும். வேறு இயங்குதளம் வேண்டுமாயின் காட்டை மாற்றிக்கொள்ளலாம், எதுவும் கெடாது.

பாட்டியிடம் குறைகளும் உண்டு. ஊர்க் கிணற்றில் ஒருவர் நீர் அள்ளியபின் விலகி மற்றவருக்கு இடம்விடுவது போல, இதில் ஓடும் நிரல்கள் ஒன்றுக்கொன்று தாமாகவே வழிவிட வேண்டும். ஒன்று பிடிவாதமாய் நின்றுவிட்டால் மற்றவை யாவும் காத்துக் கிடக்கும். இக்கால இணையப் பக்கங்கள் பலவும் இதிற் சரிவரத் தோன்றா. ஆகவே, வீட்டின் ஒரே கணினியாக இதனைக் கொள்ளுமாறு நாம் கூறமாட்டோம்.

பின் பயன் யாதெனிற் கூறுவோம். பெரிய மாளிகையிற் குடியிருப்போன் எல்லா அறைகளையும் அறியான். சிறு குடிலில் வாழ்வோனுக்கோ வாசல் முதல் அடுக்களை வரை ஒவ்வொரு மூலையும் தெரியும். றிஸ்க் ஓ.எஸ். அத்தகைய சிறு குடில். பேசிக் என்னும் கணினி மொழி அதனுள்ளேயே அமைந்திருக்கிறது. மாணவன் தானே இரண்டு வரி எழுதி இயக்கிப் பார்க்கலாம். 2018இல் அதன் மூலநிரலும் எவரும் படிக்கவும் திருத்தவும் தக்கதாகத் திறந்துவிடப்பட்டது. கம்பனி அழிந்தும் கல்வி அழியாதிருப்பது இதனாலன்றோ? பூட்டி வைத்த பொருள் உடையவனோடு போகும். பகிர்ந்த பொருளே நிலைக்கும்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை மேசைமீது ஒரு சிறு சுற்றுப்பலகையை வைத்து நெடுநேரம் மல்லுக்கட்டுவானாயின், பொழுதை வீணாக்குகிறான் எனக் கடியற்க. அருகில் அமர்ந்து, "இது எப்படி ஓடுகிறது, தம்பி?" என்று கேளுங்கள். அவன் விளக்கத் தொடங்குவான். விளக்கும்போதே தானும் தெளிவான்.