குழந்தையின் பாலினத்தை முடிவுசெய்வது யார்?

ஆண், பெண் என்ற உணர்வு பிறப்பில் வருகிறதா, வளர்ப்பில் படிகிறதா என்ற கேள்விக்கு அமெரிக்க உளவியலாளர் ஜான் மணியிடம் 1960களில் உறுதியான பதில் இருந்தது. ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் எப்படி வளர்க்கத் தொடங்குகிறோமோ, குழந்தை அப்படியே ஆகும் என்றார்.

கனடாவின் வின்னிபெக்கில் 1965இல் ரைமர் குடும்பத்தில் பிறந்த இரட்டை ஆண் குழந்தைகளில் ஒன்று, முன்தோல் நீக்கும்போது நேர்ந்த விபத்தில் ஆணுறுப்பை இழந்தது. மணியின் யோசனைப்படி அதற்கு அறுவை சிகிச்சை செய்து பெண்ணாக வளர்த்தார்கள். 1972இல் வந்த நூலில் மணி இதைத் தம் கோட்பாட்டின் வெற்றியாகவே காட்டினார். வீட்டில் நடந்ததோ வேறு. கவுனும் பொம்மையும் அந்தக் குழந்தைக்கு ஒட்டவே இல்லை. 14 வயதில் உண்மை தெரிந்ததும் டேவிட் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆணாக வாழத் தொடங்கினார் ரைமர். 1997இல் ஆய்வாளர்கள் மில்டன் டயமண்டும் கீத் சிக்மண்ட்சனும் எழுதிய பிறகே மருத்துவ உலகுக்கு இது பரவலாகத் தெரிந்தது. அதற்குள் 25 ஆண்டுகள் போய்விட்டன. அந்த 'வெற்றி'யை நம்பி வேறு குழந்தைகள் மீதும் கத்தி வைத்தாயிற்று. 2004இல் ரைமர் தற்கொலை செய்துகொண்டார்.

அப்படியானால் உயிரியல்தான் எல்லாமா? அதுவும் இல்லை. அதே போன்ற விபத்துக்குப் பின் ஏழாம் மாதத்தில் பெண்ணாக மாற்றப்பட்ட இன்னொருவர், 26 வயதிலும் தம்மைப் பெண்ணாகவே உணர்ந்ததாக 1998இல் பதிவானது. 2004இல் வந்த மற்றோர் ஆய்வு, அடிவயிற்று உறுப்புகள் சரியாக உருவாகாமல் ஆண் குரோமோசோமுடன் பிறந்த 16 பேரைப் பற்றியது. எல்லாருக்கும் கருவில் சுரந்தது ஆண் ஹார்மோன். ஆனால் 14 பேர் வளர்ந்தது பெண்ணாக. அவர்களில் 8 பேர் பின்னாளில் தம்மை ஆண் என்றார்கள்; 5 பேர் பெண்ணாகவே தொடர்ந்தார்கள்.

சமூகத்தின் பிடி இறுகுவது வேறிடத்தில். அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடியில் மரபாகத் தறியில் அமர்வது ஆண். பக்கத்து நவஹோக்களிடம் பெண். எந்த வேலை யாருடையது என்பதை ஊர் தீர்மானிக்கலாம். தான் யார் என்ற உணர்வு அவ்வளவு எளிதில் வளைவதில்லை.

எந்தக் குழந்தை எந்தப் பக்கம் போகும் என்று தொட்டிலிலேயே சொல்லிவிடும் சோதனை எதுவும் இல்லை. ஆகவே, ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலமைப்புடன் பிறக்கும் இடைபால் குழந்தைகளுக்கு அவசர அவசரமாகச் செய்யப்படும் 'சீரமைப்பு' அறுவை சிகிச்சை வெறும் ஊகத்தில் நடப்பதே. தூத்துக்குடியில் திருமணப் பதிவு மறுக்கப்பட்ட திருநங்கை ஒருவரின் வழக்கில், 2019 ஏப்ரலில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இத்தகைய சிகிச்சையையும் தடைசெய்யச் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில், உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி கூடாது என்று தமிழக அரசு ஆணையிட்டது. குழந்தையை மகன் என்றோ மகள் என்றோ பெற்றோர் வளர்ப்பதற்கு அந்த ஆணை குறுக்கே நிற்பதில்லை. திரும்பச் சரிசெய்ய முடியாத வெட்டுக்கு மட்டுமே தடை.