ஸ்பிட்ஃபயரை நீ அங்கயே ஓட்டுண்ணே!

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. இங்கிலாந்துல கோவென்ட்ரியில வேலை பாக்குற எங்க பெரியப்பா பையன் வீடியோ கால்ல ஒரு காரைக் காட்டினார். 1978 மாடல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். ரெண்டே சீட்டு, மடக்குற துணிக்கூரை, அந்த ஊர்லயே தயாரானது. "வாங்கட்டுமாடா?"ன்னு கேட்டார். பெரியப்பா என் கையிலேர்ந்து போனைப் பிடுங்கி, "அந்தக் காசுக்குத் தோட்டத்துல திராட்சைப் பந்தலை மாத்திப் போடலாம்ல"ன்னார். கம்பம் பள்ளத்தாக்குல பாதி வீட்டுல இதே பதில்தான் வரும்.

என் கருத்து: வாங்கலாம். சொந்தச் சம்பாத்தியம், சின்ன வயசு ஆசை. ஆனா அண்ணன் அடுத்துச் சொன்னதுதான் இடிச்சுது. "ரெண்டு வருஷம் ஓட்டிட்டு ஊருக்குக் கொண்டாந்துருவேன். குமுளி மலைப்பாதையில ஓட்டணும்டா."

அது சுலபமா நடக்காது. 3 வருஷத்துக்கு மேல பழசான காரை இந்தியாவுக்கு இறக்குமதி பண்ணக் கூடாதுங்கிறது பொது விதி. வின்டேஜ் காருக்குத் தனி விதி உண்டு, ஆனா 1978 மாடல் இப்போதைக்கு அதுல வராது. அப்படியே வந்தாலும் வரி மட்டுமே கார் விலையைத் தாண்டிரும். அதனால வெளிநாட்டுல வாங்குறவங்க அங்கயே ஓட்டி, அங்கயே வித்துட்டு வர்றதுதான் புத்திசாலித்தனம்.

வாங்குறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. அங்க 40 வயசு தாண்டின, பெருசா மாத்தாத காருக்குச் சாலை வரி இல்ல. 2018 மே மாசத்துலேர்ந்து வருஷா வருஷம் பண்ற எம்ஓடி சோதனையும் கட்டாயமில்ல. கேக்க நல்லா இருக்கு. ஆனா அந்தக் காருக்கு அடியில யாருமே பல வருஷமா படுத்துப் பாக்காம இருந்திருக்கலாம்ல? "புதுசா ஒரு எம்ஓடி பண்ணிக் குடுங்க, வாங்குறேன்"னு விக்கிறவர்கிட்ட கேக்கணும்.

குளிர்காலத்துல ரோட்டுல உப்புக் கொட்டுற நாடு அது. எஞ்சினை விடத் துருவுக்குத்தான் பயப்படணும். கதவுக்குக் கீழ நீளமா ஓடுற சில், ஸ்பிட்ஃபயர்ல பாரம் தாங்குற பாகம். அது அரிச்சா கார் நடுவுல தொய்ஞ்சு, கதவு இடுக்கு மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவா ஆயிரும். ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோனா போதும். பட்டி வச்சு மூடின இடத்துல ஒட்டாது.

சில்லுக்கு ஏன் அவ்வளவு பாரம்? ஹெரால்டு காரோட சேஸிஸைச் சுருக்கி, ஓரச் சட்டங்களை எடுத்துட்டு, நடுமுதுகெலும்பை மட்டும் வச்சு உருவாக்கினதுதான் ஸ்பிட்ஃபயர். அதே ஹெரால்டை 1961லேர்ந்து மெட்ராஸ்ல ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரிச்சுது. எங்க பெரியப்பா வீட்டுத் தொழுவத்துக்குப் பின்னாடி நாலு செங்கல் மேல நிக்கிறதும் அதுதான்! தாத்தா வாங்கினது. ஆர்சி புக் இன்னும் பீரோவுல இருக்கு. எடைக்குப் போட்டுரலாமான்னு வருஷா வருஷம் பேச்சு வருது.

போடக் கூடாதுங்கிறேன். 2021ல வந்த மத்திய விதிப்படி, அசல் அமைப்பு மாறாத 50 வயசு தாண்டின காரை வின்டேஜா பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். தினமும் காலேஜுக்கு ஓட்டிட்டு வர முடியாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆராய்ச்சின்னு எடுக்கலாம். செலவும் சின்னதில்ல. டிங்கரிங் வேலையே எஞ்சின் செலவைத் தாண்டலாம்.

ஆனா நம்ம நிலைமையை யோசிங்க. 2020ல பிஎஸ்6 வந்த பிறகு பெரும்பாலான புது பைக்குலயும் கார்புரேட்டர் போயிருச்சு. நாம அதைப் படத்துல பாத்து பரீட்சை எழுதுறோம். காதால கேட்டே டியூன் பண்ற மெக்கானிக்குகள் நம்ம ஊர்ல இன்னும் இருக்காங்க, அவங்களுக்கும் வயசாகுது. காசு குடுத்து ரெடிமேடா ப்ராஜெக்ட் வாங்கி வைவாவுல முழிக்கிறதுக்கு, இந்த ஒரு காரைப் பிரிச்சு மாட்டினா எவ்வளவு கத்துக்கலாம்!

அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்: "ஸ்பிட்ஃபயரை நீ அங்கயே ஓட்டு. லீவுல வரும்போது ஹெரால்டுக்கு ஸ்பேர் மட்டும் கொண்டா." பெரியப்பாகிட்டயும் சொன்னேன். "மொதல்ல அது மேல கெடக்குற சாக்கை எடுத்துப் போடு, அப்புறம் பேசலாம்"னார்.

சாக்கு மொத்தம் பதினொண்ணு. எடுத்தாச்சு. ஸ்பேனர் பிடிக்க வர்றவங்க கை தூக்குங்க.