படகின் அடியும் எலும்பின் தகடும்

இலக்கியம் பேசும் நண்பர்களிடையே, எலும்பில் பொருத்தும் உலோகத் தகட்டைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் வினவக்கூடும். சொந்தக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

மீமிசலில் எங்கள் தாய்மாமன் ஒருவர் இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் பாக் நீரிணையில் வலை போட்டவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேர்ந்த ஒரு விபத்தில் கால் எலும்பு முறிந்து, தகடு வைத்துத் திருகாணிகளால் முடுக்கினார்கள். ஏழாம் மாதம் தழும்பின் ஓரத்தில் சீழ் கண்டது. மாத்திரை, ஊசி, மறுபடியும் மாத்திரை. நிறுத்தினால் மீண்டும் சீழ். முதலில் அறுவை செய்த மருத்துவமனையில் எல்லாம் சர்க்கரையின் வேலை என்றார்கள். மாமாவுக்குச் சர்க்கரை கிடையாது. இறுதியில் வேறொரு மருத்துவர் தகட்டைக் கழற்றினார். மொத்தம் மூன்று அறுவைகள். படகு விற்ற பணம் அதில் போயிற்று.

தகட்டின் மேல் பாக்டீரியாக்கள் படலமாகப் படிந்துவிட்டன என்று அந்த மருத்துவர் விளக்கத் தொடங்கியபோதே மாமாவுக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்ததும், "படவு அடியில கொட்டலசு புடிக்கிற மாதிரிதான மருமவனே? இதுக்கு எதுக்கு இம்புட்டு இங்கிலீசு பேசுறாக?" என்றார்.

பாறையிலும் படகின் அடியிலும் சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும் அந்தச் சிற்றுயிரை அவர் எடுத்துக்காட்டியது வெகு பொருத்தம். படகு நீரில் இறங்கிய சிறிது நேரத்திலேயே கடலின் கரிமப் பொருள்கள் அதன் அடியில் மெல்லிய ஏடாகப் படிகின்றன. அதன்மேல் பாக்டீரியா, பிறகு பாசி, பிறகு கொட்டலசு. உடலுக்குள் செல்லும் தகட்டிலும் முதலில் படிபவை குருதியின் புரதங்களே. பாக்டீரியாக்கள் அவற்றின்மேல் ஒட்டிப் பெருகி, பிசின் போன்ற ஒரு போர்வையைத் தாமே சுரந்து அதனுள் குடியேறுகின்றன. உயிரிப்படலம் என்று நூல்களில் எழுதுகிறார்கள். வழும்பு என்ற சொல்லே போதும் என்பது நம் எண்ணம். மீனைக் கையில் பிடித்தவர் எவருக்கும் அது விளங்கும். தனித்து மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவைப் போல் ஆயிரம் மடங்கு மருந்து கொடுத்தாலும் வழும்புக்குள் இருப்பவை பிழைத்துவிடக்கூடும். மாத்திரையை நிறுத்தியதும் சீழ் திரும்பியது இதனால்தான்.

அந்தோணி கிரிஸ்டினா என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1987இல் இதனை ஓர் ஓட்டப்பந்தயமாக விளக்கினார். அயற்பொருள் ஒன்று உடலுக்குள் வந்ததும் அதன் மேற்பரப்பைப் பிடிக்க நம் திசுவின் செல்களும் பாக்டீரியாக்களும் ஓடுகின்றன, முந்துபவர் குடியேறுவர். ஆகவே செயற்கை உறுப்பின் மேற்பரப்பை வடிவமைப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்லியாக வேண்டும். கிருமி அதில் தங்காதிருக்குமா? நம் செல் அதில் தங்குமா? 'கிருமிகளை எதிர்க்கும் மேற்பரப்பு' என்று விற்பனைக்கு வருபவை முதற்கேள்வியோடு நின்றுவிடுகின்றன. கடினமானது இரண்டாவது கேள்வி. அதனை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறு இருக்கிறது.

கடலிலிருந்தே தொடங்கலாம். கொட்டலசை விரட்ட டிரைபியூட்டைல் டின் என்ற நச்சைக் கலந்து கப்பல்களுக்குச் சாயம் பூசினார்கள். நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கசிந்த நஞ்சால் பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் வளர்த்த சிப்பிகள் ஓடு திரிந்து, இனப்பெருக்கம் குன்றிப் போயின. 2001இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை 2008இல் நடைமுறைக்கு வந்து அச்சாயத்தைத் தடை செய்தது.

இதே கதை மனித இதயத்திலும் நடந்தது. செயற்கை வால்வைச் சுற்றி ஒரு துணி வளையம் இருக்கும். அதன் வழியாகத்தான் வால்வை இதயத்தில் தைப்பார்கள். அந்த வளையத்தில் தொற்று வராதிருக்க அதற்கு வெள்ளி பூசினால் என்ன? வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது பழைய அறிவு. செயின்ட் ஜூட் மெடிக்கல் நிறுவனம் 1997இல் சில்சோன் என்ற பெயரில் அவ்வகை வால்வைக் கொண்டுவந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 36,000 வால்வுகள் பொருத்தப்பட்டன. வெள்ளி பூசியதையும் பூசாததையும் ஒப்பிட 4,400 நோயாளிகளிடம் நடத்தத் திட்டமிட்ட ஆய்வு, 807 பேரோடு 2000 சனவரியில் நின்றுபோயிற்று. வெள்ளி வால்வுகளின் விளிம்பில் குருதி கசிந்து, அவற்றை அகற்ற வேண்டிய நிலை மற்றதைவிட அதிகமாக இருந்தது. நிறுவனம் வால்வைத் திரும்பப் பெற்றது. கிருமியை அண்டவிடாத வெள்ளி, வளையத்துக்குள் வளர்ந்து அதனை இறுகப் பற்றவேண்டிய நம் திசுவையும் அண்டவிடவில்லை என்பதே பலரும் தரும் விளக்கம். தொற்றாவது குறைந்ததா என்றால், அந்த ஆய்வு அதனையும் காட்டவில்லை.

வெள்ளியை முற்றாக ஒதுக்கிவிடவும் முடியாது. எலும்புப் புற்றை அகற்றிய இடத்தில் பொருத்தும் பெரிய உறுப்புகளில் வெள்ளி பூசியபோது தொற்று 17.6 விழுக்காட்டிலிருந்து 5.9 விழுக்காடாகக் குறைந்ததென்று ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர மருத்துவர்கள் 2010இல் எழுதினார்கள். ஆய்வு சிறியது, எனினும் புறக்கணிக்கத்தக்கதன்று. எந்த இடத்தில், எந்தத் திசுவுக்கு அருகில் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது.

நஞ்சில்லாத வழியொன்றும் உண்டு. சுறாத்தோலைத் தடவிப் பார்த்திருப்பவர்கள் அறிவார்கள்: தலையிலிருந்து வால் நோக்கி வழுவழுப்பு, எதிர்த்திசையில் அரம். அதில் பாசி எளிதில் தங்குவதில்லை. அமெரிக்கக் கடற்படைக்காகப் பாசி ஒட்டாத மேற்பரப்பைத் தேடிய புளோரிடா பல்கலைக்கழகத்தின் அந்தோணி பிரென்னன் அத்தோலின் வரிகளையே படியெடுத்தார். அவ்வரிகள் பிறகு மருத்துவக் கருவிகளுக்கும் வந்தன. 2012இல் ஆஸ்திரேலியாவில் எலெனா இவானோவாவின் குழு இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டது. சிள்வண்டின் சிறகில் நிறைந்திருக்கும் நுண்ணிய தூண்களின் மேல் அமரும் சூடோமோனாஸ் பாக்டீரியா கிழிந்து சாகிறது. சிறகின் வேதிப்பொருள்தான் கொல்கிறதோ என்று ஐயுற்று, 10 நானோமீட்டர் தடிப்பில் அதன்மேல் தங்கம் பூசிப் பார்த்தார்கள். அப்போதும் செத்தது. கொன்றது வடிவமே. தட்டானின் சிறகு இன்னும் வல்லது என்று மறு ஆண்டு தெரிந்தது. (இன்று தட்டானைத் தும்பி என்பாரும் உண்டு, சங்கப் பாடல்களின் தும்பி வண்டு. வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லும் திருத்தம் இங்கும் வந்துவிட்டது, பொறுத்தருள்க.)

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கௌசிக் சட்டர்ஜியும் குழுவினரும் அத்தட்டான் சிறகைத் தைட்டானியத்தில் செய்து பார்த்து 2017இல் வெளியிட்டனர். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டாகக் கிடக்கும் அதே தைட்டானியம். அயனிகளால் அரித்து நுண்தூண்களாக்கியதும் உலோகம் கறுத்துப்போகிறது. அதன்மேல் ஒட்டிய ஈ.கோலையில் 95 விழுக்காடும் சூடோமோனாசில் 98 விழுக்காடும் செத்தன. மனித எலும்பு மச்சையின் தண்டுச் செல்களோ அதில் நன்கு வளர்ந்தன. இரு கேள்விகளையும் ஒருங்கே கேட்ட ஆய்வு என்பதால் நாம் இதனை மதிக்கிறோம். தம் குறையையும் அவர்கள் மறைக்கவில்லை. எலும்புத் தொற்றில் முதலிடம் வகிக்கும் தடித்த சுவருடைய ஸ்டபைலோகாக்கஸ் ஆரியஸில் செத்தது 22 விழுக்காடு மட்டுமே. ஆய்வுத் தட்டில் குருதியும் இல்லை, சுத்தியலும் இல்லை. அறுவை அரங்கில் திருகாணி எலும்புக்குள் உராய்ந்து செல்லும்போது அத்தூண்கள் நிற்குமா? செத்த பாக்டீரியாக்களின் குவியலே அடுத்தவற்றுக்குப் பாயாகாதா? விடை வர ஆண்டுகள் ஆகும். ஆகட்டும். திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தான் குழு செய்த இதய வால்வும் மூன்று வடிவங்கள் தோற்று, நான்காவதே 1990 டிசம்பரில் மனித இதயத்துக்குள் போயிற்று.

அதுவரை அரங்கைத் தூய்மையாக வைப்பதற்கு ஈடான மேற்பரப்பு இல்லை. இடுப்பு மூட்டு மாற்று அறுவையின் முன்னோடி ஜான் சார்ன்லி, வடிகட்டிய காற்றும் மூடிய உடையுமாகத் தம் அரங்கை மாற்றியே தொற்றைப் பன்மடங்கு குறைத்தார். நம் சிற்றூர் மருத்துவமனைகளுக்கு விலையுயர்ந்த பூச்சு வந்து சேரும்போது, அந்தக் காற்று வந்திராது என்பதே நம் அச்சம்.

மூட்டுகளுக்கு 2017இல் அரசு விலை வரம்பு வைத்தது. செயற்கை உறுப்புகளால் நேரும் தீங்குகளைப் பதிய 2015 முதல் ஒரு தேசியத் திட்டமும் இருக்கிறது. இவற்றோடு, உள்ளே வைக்கும் பொருளின் மேல் என்ன பூசியிருக்கிறது, எத்தனை பேரிடம் எத்தனை ஆண்டு பார்த்தார்கள் என்பதை நோயாளியின் கையில் தமிழில் எழுதித் தர வேண்டும் என்று கேட்கிறோம். மாமா பத்திரமாக வைத்திருக்கும் முதல் அறுவையின் ரசீதில், "பிளேட் 1, ஸ்குரூ 8" என்று மட்டுமே இருக்கிறது.