வெடிமருந்தும் அயல் வீடும்

பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடங்களிலிருந்து புதிய வெடிமருந்தொன்றைப் பற்றிய செய்தி வரும்போதெல்லாம், அதன் வலு பழையதிலும் எவ்வளவு அதிகம் என்பதே தலைப்பாகின்றது. 1987ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையின் சைனா லேக் ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட சி.எல்.-20 என்னும் பொருளைப் பற்றியும் இவ்வாறே எழுதுகின்றனர். எமது அயல்நாடாகிய இந்தியாவின் பூனே ஆய்வுகூடமும் அதனை ஆக்கியுள்ளது. அவ்விஞ்ஞானிகளின் திறமையை நாம் மறுக்கவில்லை. ஆயின் இவ்விஞ்ஞானத்துக்கு மறுபாதி ஒன்று உண்டு. கட்டளையிடாத வேளையில் வெடியாதிருக்கும் மருந்தைத் தேடுவதே அது. அதைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலர்.

அத்தேடலை முடுக்கிவிட்டவை சாவுகளும் விபத்துகளுமேயாகும். 1967 யூலை 29ஆம் திகதி, வியட்நாமை அடுத்த கடலில் நின்ற பொறஸ்ரல் என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலில், மின்கோளாறினால் ரொக்கற் ஒன்று தானே பாய்ந்தது. எண்ணெய் தீப்பற்றியது. நெடுங்காலம் களஞ்சியத்திற் கிடந்த பழைய குண்டுகள், தீயணைப்போர் எதிர்பார்த்த நேரத்துக்கு முன்னரே வெடித்தன. மாண்டவர்கள் 134 பேர். அதற்கு முந்திய ஆண்டு, ஸ்பெயின் நாட்டின் பலோமாரெஸ் கிராமத்தின் மேல் குண்டுவீச்சு விமானமொன்று எரிபொருள் விமானத்துடன் மோதியதில் நான்கு ஐதரசன் குண்டுகள் வீழ்ந்தன. அணுவெடி நிகழவில்லை. எனினும், இரண்டு குண்டுகளில் இருந்த சாதாரண வெடிமருந்து நிலத்தில் மோதி வெடித்து, உழவர்களின் வயல்களிற் புளூட்டோனியத்தைத் தூவிவிட்டது.

இவற்றின் பின்னரே, அடித்தாலும் சுட்டாலும் எளிதில் வெடியாத டி.ஏ.டி.பி. என்னும் பொருளை அமெரிக்க ஆய்வுகூடங்கள் தமது அணுக்குண்டுகளிற் பயன்படுத்த முற்பட்டன. அது வலுவிற் குறைந்தது, விலையிற் கூடியது. விந்தை யாதெனில், அப்பொருளை இரசாயனவியலார் 19ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர்! அறிவு இருந்தது, வலுவைச் சிறிது விட்டுக்கொடுக்கும் மனமே இல்லாதிருந்தது.

குண்டுகளுக்குக் கிடைத்த இக்கவனம், அவற்றின் அயலில் வாழும் ஏழைகளுக்குக் கிடைத்ததா? முதலாம் உலகப் போரில், இலண்டன் மாநகரின் கிழக்கேயுள்ள சில்வர்ரவுன் என்னும் தொழிலாளர் குடியிருப்பின் நடுவிலே ரி.என்.ரி. சுத்திகரிக்கும் ஆலை நடத்தப்பட்டது. ஆபத்தான இடமென்று ஆலைக்காரரே தயங்கியபோதும் அரசாங்கம் விடவில்லை. 1917 சனவரி 19ஆம் திகதி ஏறக்குறைய 50 தொன் மருந்து வெடித்தது. 73 பேர் மாண்டனர். அந்த விசாரணை அறிக்கையைப் பொதுமக்கள் காண 1950கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பகைவன் அறியக்கூடாதென்று மறைத்ததாகச் சொல்லலாம். போர் முடிந்து மூன்று தசாப்தங்கள் கழிந்த பின்னரும் மறைத்தது எந்தப் பகைவனிடமிருந்து?

இது சீமையின் பழங்கதையென எவரும் ஒதுக்கற்க. 2016 யூன் 5ஆம் திகதி கொஸ்கம சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் தீப்பற்றி வெடித்தது. ஒரு படைவீரர் உயிரிழந்தார். நூற்றுக்கணக்கான சிங்கள மக்களின் வீடுகள் சேதமுற்றன. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 2010 செப்ரெம்பர் 17ஆம் திகதி, மட்டக்களப்பு மாவட்டத்தின் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில், வீதி வேலைக்கெனக் கொண்டுவந்து வைத்த வெடிமருந்து வெடித்து, பொலிசாரும் பொதுமக்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒன்று போருக்கான மருந்து, மற்றொன்று கல்லுடைக்கும் மருந்து. வெடித்துச் சிதறும்போது இன்னவர் தமிழர், இன்னவர் சிங்களவர் என்று இரண்டுமே பார்க்கவில்லை.

எமது பாதுகாப்பு அமைச்சின் கீழும் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகின்றது. அது புதிய ஆயுதங்களை ஆக்குவதிற் பெருமை கொள்ளுமுன், நாட்டின் களஞ்சியங்களிற் கிடக்கும் மருந்தின் வயதையும் நிலையையும் சோதிக்கட்டும். களஞ்சியத்துக்கும் அண்மை வீட்டுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாராளுமன்றத்தில் வைக்கட்டும். இரகசியம் வெளியாகிவிடுமென்பது வெறும் சாட்டு. லொறிகள் எங்கே போய்வருகின்றன என்பதை அயலூர்ச் சிறுவனும் அறிவான். உள்ளிருப்பது எத்தனை ஆண்டு பழையது என்பதைத்தான் அவன் அறியான்.

தமிழ்ப் பிரதிநிதிகள் இக்கேள்வியைக் கரடியனாற்றிலிருந்தே தொடங்க வேண்டுமென வற்புறுத்துகிறோம். மக்கள் நாள்தோறும் முறைப்பாட்டுக்குச் சென்றுவரும் பொலிஸ் நிலையமொன்றின் வளவில் அத்துணை வெடிமருந்தை வைக்க அனுமதித்தவர் யார்?