டைல்ஸுக்கு அடியில் இருக்கும் தளம்



தாராவியின் ஒற்றை அறை வீடுகளில் மூலையில் ஒரு மோரி இருக்கும். குளிப்பதும் பாத்திரம் துலக்குவதும் துணி துவைப்பதும் அங்கேதான். கல்லின் இடுக்கு வழியே நீர் இறங்கினாலும் அது மண்ணுக்குள் போய்விடும், கேட்பாரில்லை. அதே குடும்பம் குடிசை மறுவாழ்வுக் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்குச் சென்றபின், இறங்கும் நீர் கீழ்வீட்டாரின் அடுப்பின்மேல் சொட்டுகிறது. இதனால் படிக்கட்டில் முகம் பாராமல் கடந்துபோகிறவர்கள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் உண்டு. "புது டைல்ஸ் போட்டிருக்கிறேனே, எப்படி ஒழுகும்?" என்பது மேல்வீட்டாரின் வழக்கமான பதில்.

டைல்ஸின் இணைப்புகள் வழியே நீர் கொஞ்சங்கொஞ்சமாக இறங்கவே செய்யும். அதைத் தடுக்கவேண்டியது கீழே இருக்கும் தளம். மும்பையில் பல கட்டடங்களில் குளியலறைத் தளத்தைத் தாழ்வாக வார்த்து, அந்தப் பள்ளத்தைச் செங்கல் துண்டுகளாலும் சிமெண்ட் கலவையாலும் நிரப்புவார்கள். இதற்குக் கோபா என்று பெயர். உள்ளே இறங்கிய நீரை இது பஞ்சைப்போல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் குழாயை மூடிய பின்னும் கீழே பல நாள் சொட்டுகிறது. நாளடைவில் காங்கிரீட்டுக்குள் கம்பி துருவேறிப் பருத்து, கீழ்வீட்டுக் கூரையைப் பெயர்த்துத் தள்ளும். பழைய டைல்ஸின்மேல் புதியதை ஒட்டித் தருவதாகச் சொல்பவர் நோயை மூடுகிறாரேயன்றித் தீர்ப்பதில்லை.

ஊறிய கோபாவைப் பெயர்த்து, காங்கிரீட் தெரியுமட்டும் சுத்தம் செய்யவேண்டும். உளியை ஆழமாக இறக்கவிடாதீர்கள். கம்பி அருகில்தான் இருக்கிறது. விரிசல்களையும் நானி டிராப்பைச் சுற்றியுள்ள இடைவெளியையும் அடைத்து, சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் வளைவாக்குங்கள். பெரும்பாலான கசிவு இவ்விடங்களில்தான். பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு முறை, ஒன்றுக்கொன்று குறுக்காக, சுவரில் ஓர் அடி உயரம்வரை.

அது காய்ந்தபின் டிராப்பை அடைத்து, இரண்டு அங்குலம் நீர் நிறுத்தி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, 48 மணிநேரம் விடுங்கள். கீழ்வீட்டாரை முன்கூட்டியே அழைத்து, கூரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். குறை சொல்ல வருமுன் நீங்களே போய்ச் சொல்வது நல்லது.

அடுத்துப் புதிய கோபா. வாட்டம் இதிலேயே அமையவேண்டும்: அடிக்குக் கால் அங்குலம், நான்கு அடிக்கு ஓர் அங்குலம். டைல்ஸ் ஒட்டும்போது சரிசெய்கிறேன் என்கிற கொத்தனாரிடம் ரசமட்டத்தைக் கொடுத்து இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். ஏழு நாள் ஈரம் காயாமல் காத்து, மேலே மறுபடியும் பூச்சு, மறுபடியும் நீர்ச்சோதனை. டைல்ஸ் அதன்பிறகே. மூன்று நாளில் முடியும் என்று விலை பேசுகிறவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

செலவு யாருடையது என்று சிலர் வாதிடுகிறார்கள். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் மாதிரி துணைவிதிகளின்படி, கழிப்பறை, தொட்டி போன்றவற்றின் உட்கசிவைச் சரிசெய்வது உறுப்பினரின் செலவு. மொட்டைமாடி, வெளிச்சுவர் வழியே வரும் மழைநீர்க் கசிவு சங்கத்தினுடையது.

ஒரே குளியலறையுள்ள வீட்டில் இரண்டு வாரம் எங்கே குளிப்பது? குடும்பம் ஊருக்குப் போகும் மே மாதமே இதற்கு ஏற்றது. தளத்துக்குத் தண்ணீர் விட ஒருவர் மட்டும் தங்கினால் போதும். ஜூனில் மழை தொடங்கிவிட்டால், கீழே சொட்டுவது வான்மழையா, மேல்வீட்டு நீரா என்று யாராலும் எளிதில் சொல்லமுடியாது.