ஊசிக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு சுவர்

தேக்காவிலிருந்து ஒன்-நார்த் போவது சுலபம். லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதையில் ஏறி, பொட்டானிக் கார்டன்ஸில் வட்டப் பாதைக்கு மாறினால் மொத்தம் ஏழே நிறுத்தங்கள். இறங்கி நடந்தால் பயோபோலிஸ். 2003ல் திறக்கப்பட்ட அந்த ஆய்வு வளாகத்தில் பல கட்டடங்களுக்குக் கிரேக்கச் சாயல் பெயர் உண்டு: ஹீலியோஸ், புரோட்டியோஸ், நானோஸ். இந்த நானோஸ் கட்டடத்தில்தான் உயிர்ப்பொறியியல், நானோ தொழில்நுட்ப ஆய்வுக் கழகம் பல ஆண்டுகள் இயங்கியது. அங்கே ஆராயப்பட்டவற்றில் ஒன்று, தேக்காவில் நடமாடும் நம் பெரியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி. இன்சுலினை ஊசி இல்லாமல் கொடுக்க முடியாதா?

கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 2017 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு கணக்குச் சொன்னார். சிங்கப்பூரில் 60 வயதைத் தாண்டியவர்களில் பத்துக்கு மூவருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் பத்துக்கு ஆறு பேர். நம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் ‘இனிப்பு நீர்’ இல்லாதவர்தான் சிறுபான்மை.

நானோஸ் கட்டடக் கழகத்தின் முதல் நிர்வாக இயக்குநர் ஜாக்கி யிங். தைப்பேயில் பிறந்து, சிங்கப்பூரில் பள்ளிக்குச் சென்று, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் குழு கையிலெடுத்த யோசனை எளிமையானது: இன்சுலினை ஒரு நுண்ணிய துகளுக்குள் அடைத்து அனுப்ப வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்தத் துகள் தானே அவிழ்ந்து இன்சுலினை விட வேண்டும், இறங்கினால் தானே நிறுத்திக்கொள்ள வேண்டும். விரலில் குத்திப் பார்க்கவும் வேண்டாம், அளவு தப்பி மயங்கி விழவும் வேண்டாம். இந்த எண்ணத்தைத் தொடர்ந்து, எம்ஐடியில் அவருடைய ஆய்வு மாணவராக இருந்த டாட் சயான் ‘ஸ்மார்ட்செல்ஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2010 இறுதியில் மெர்க் நிறுவனம் அதை வாங்கியது. எல்லா இலக்குகளையும் எட்டினால் விலை 50 கோடி டாலரைத் தாண்டும் என்று பேசப்பட்டது. அந்த வழியில் உருவான இன்சுலின் ஒன்று மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனை வரை சென்றது. மருந்துக் கடைக்கு வரவில்லை.

ஏன் இவ்வளவு கடினம்? உயிர்மருத்துவம் படித்தவள் என்ற ஒரே காரணத்தால் எங்கள் குடும்பத்தில் இதற்கு விளக்கம் சொல்லும் வேலை என்னுடையது. நான் சொல்வது இதுதான். இன்சுலின் ஒரு புரதம். நம் வயிற்றுக்கு இன்சுலினும் ஒன்றுதான், அவித்த முட்டையும் ஒன்றுதான். இரண்டையும் அமிலத்தில் ஊறவைத்து, நொதிகளால் துண்டு துண்டாக வெட்டிவிடும். அதில் தப்பிப் பிழைத்த இன்சுலின் சிறுகுடலை அடைந்தாலும், அங்கே ஒரு சுவர் நிற்கிறது.

அந்தச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். குடலை விரித்துப் போட்டால் டென்னிஸ் திடல் அளவுக்கு வரும் என்று நாம் பள்ளியில் படித்தோம். 2014ல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் மறுபடி கணக்கிட்டு, ஏறக்குறைய 32 சதுர மீட்டர்தான் வரும் என்றார்கள். பூப்பந்துத் தளத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். அவ்வளவு பரப்பிலும் வெளியுலகத்தையும் நம் இரத்தத்தையும் பிரிப்பது ஒரே ஒரு அடுக்கு உயிரணுக்கள். சில நாள்களுக்கு ஒருமுறை அவை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. ஓர் உயிரணுவுக்கும் அடுத்ததற்கும் இடையே இறுக்கமான பூட்டு, மேலே வழுவழுப்பான சளிப் படலம். குளுக்கோஸ் போன்ற சிறிய மூலக்கூறுகளுக்குத் தனிவாசல் இருக்கிறது. அதைவிட முப்பது மடங்குக்கும் மேல் கனமான இன்சுலினுக்கு வாசல் இல்லை. உள்ளே விடக்கூடாததை விடாமல் இருப்பதுதான் அந்தச் சுவரின் வேலை. அதை நன்றாகவே செய்கிறது.

டொரோண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டது 1922 ஜனவரியில். ஊசியைத் தவிர்க்கும் முயற்சிகளும் பழையவைதான். மூச்சுவழி உறிஞ்சும் இன்சுலினை ஃபைசர் 2006ல் விற்பனைக்குக் கொண்டுவந்து, வாங்க ஆளில்லாமல் 2007ல் நிறுத்தியது. இஸ்ரேலைச் சேர்ந்த ஒராமெட் நிறுவனத்தின் இன்சுலின் மாத்திரை, பெரிய அளவிலான இறுதிக்கட்டச் சோதனையில் 2023 ஜனவரியில் தோற்றது. இவற்றைவிட என்னை யோசிக்க வைத்தது நோவோ நோர்டிஸ்க்கின் கதை. அவர்களுடைய மாத்திரை உண்மையிலேயே வேலை செய்தது. 50 நோயாளிகளிடம் எட்டு வாரம் சோதித்ததில், ஊசிக்கு நிகராகவே சர்க்கரையைக் குறைத்தது. 2019ல் முடிவை வெளியிட்டார்கள். ஆனாலும் திட்டத்தைக் கைவிட்டார்கள். காரணம், விழுங்கிய இன்சுலினில் மிகச் சிறிய பங்குதான் சுவரைத் தாண்டியது. மீதியெல்லாம் வீண். அந்த வீணுக்கும் சேர்த்து இன்சுலின் தயாரித்தால் வணிகரீதியாகக் கட்டுப்படியாகாது.

அதே நிறுவனத்தின் செமாகுளுடைடு மாத்திரை கடைக்கு வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். வந்தது, 2019ல். அது இன்சுலின் அல்ல, வேறு மருந்து. அதிலும் உடலுக்குள் போய்ச் சேர்வது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதனால்தான் காலையில் வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் இருக்கச் சொல்கிறார்கள்.

நானோ துகள்கள் இங்கேதான் வருகின்றன. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். மருந்து சுமக்கும் துகள்கள் பெரும்பாலும் சில நூறு நானோமீட்டருக்குள் அடங்கும். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். 2020 டிசம்பர் இறுதியில் சிங்கப்பூரில் போடத் தொடங்கிய ஃபைசர் கொவிட் தடுப்பூசி, கொழுப்பால் ஆன நானோ துகளுக்குள் வைத்துத்தான் வந்தது. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் எல்லாருடைய கையிலும் நானோ துகள் ஏறியிருக்கிறது.

இன்சுலினைப் பொறுத்தவரை அண்மையில் அதிகம் பகிரப்பட்ட செய்தி, சிட்னி பல்கலைக்கழகமும் நார்வேயின் ஆர்க்டிக் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2024 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வு. நுண்ணிய துகளில் இன்சுலினைப் பிணைத்து, வயிற்று அமிலம் தொடாதபடி மேலே ஒரு பூச்சு பூசினார்கள். சர்க்கரை கூடும்போது அதிகமாகவும் குறையும்போது குறைவாகவும் இன்சுலின் வெளிவரும் என்பது திட்டம். எலிகளுக்குப் பிறகு பபூன் குரங்குகளிடம் சோதித்தார்கள், சீனி சேர்க்காத சாக்லேட்டில் வைத்து. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது வந்து சேர்ந்தபோது ‘இனி இன்சுலின் சாக்லேட்!’ என்று மட்டும் இருந்தது. குரங்கு காணாமல் போய்விட்டது.

சுவரைச் சுற்றிப் போகாமல், பூட்டையே கொஞ்சம் தளர்த்தினால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு 2020ல் வெளியிட்ட ஆய்வில், மிகச் சிறிய சிலிக்கா துகள்களை எலிகளுக்குக் கொடுத்ததும் குடல் உயிரணுக்களுக்கு இடையேயான இடைவெளி விரிந்தது. இன்சுலின் உள்ளே போனது. பிறகு இடைவெளி மூடிக்கொண்டது. நானோ துகள்களால் இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு முன்கதை இருக்கிறது. டைட்டானியம் டைஆக்சைடு துகள்கள் இரத்தக் குழாய்ச் சுவரின் உயிரணுக்களுக்கு இடையில் புகுந்து கசிவை உண்டாக்குவதை, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல் காட்டினார்கள். அங்கே அது நல்ல செய்தியாகச் சொல்லப்படவில்லை, எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டது.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். சர்க்கரை நோயாளியின் குடல் சுவர் ஏற்கெனவே முழுக்கச் சரியாக இருக்கிறதா? பெல்ஜியத்தைச் சேர்ந்த பேட்ரிஸ் கானி குழுவினர் 2007ல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. கொழுப்பு மிகுந்த தீனியை எலிகளுக்கு நான்கு வாரம் கொடுத்தார்கள். குடல் கிருமிகளின் மேலோட்டில் இருக்கும் நச்சுப்பொருள், இரத்தத்தில் இரண்டு மூன்று மடங்கு ஏறியது. அதே நச்சைத் தனியே செலுத்தியபோது, தீனியை மாற்றாமலேயே எலிகளுக்கு எடை கூடியது, இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போனது. காய்ச்சலும் இல்லை, வயிற்று வலியும் இல்லை. ஆனால் உடம்புக்குள் ஓர் அழற்சி, அணையாத கரி மாதிரி கனன்றுகொண்டே இருக்கிறது. மனிதர்களிடம் இந்தத் தொடர்பு எலிகளில் தெரிவதுபோல் அவ்வளவு சுத்தமாகத் தெரிவதில்லை. ஆனால் ஒதுக்கித் தள்ளும் விஷயமும் இல்லை.

இப்போது இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரு குழு இன்சுலினுக்காகச் சுவரைத் திறக்கப் பார்க்கிறது. இன்னொரு குழு, சுவர் கசிவதும் நோயின் ஒரு பங்கு என்கிறது. தினமும் மூன்று வேளை, இருபது முப்பது ஆண்டுகளுக்குக் கதவைத் திறந்து மூடினால் இன்சுலினோடு வேறு யார் யார் உள்ளே வருவார்கள்? மாத்திரை தாமதமாவதற்கு மருந்து நிறுவனங்களின் சதிதான் காரணம் என்று நம்புகிறவர்கள், இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க எத்தனை ஆண்டுச் சோதனை தேவைப்படும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

சுவரை ஆற்றும் நானோ மருந்து பற்றியும் ஆய்வு நடக்கிறது. அதில் நம் சமையலறைப் பொருள் ஒன்று இருப்பதால் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பச்சை இஞ்சியை அரைத்து, அதிவேகத்தில் சுழற்றிப் பிரித்து, 230 நானோமீட்டர் அளவுள்ள துகள்களை எடுத்தார்கள். 2016ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, வாய்வழியாகக் கொடுத்த இஞ்சித் துகள்கள் எலிகளின் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்து அழற்சியைக் குறைத்தன. இதைப் படித்துவிட்டு இஞ்சித் தேநீரை மருந்தென்று அறிவித்துவிட வேண்டாம். அதுவும் கெட்டிப்பால் ஊற்றிய தே ஹாலியாவை! சோதித்தது பிரித்தெடுத்த துகளை, சோதனைக்கு உள்ளானது எலி.

மனிதர்களிடம் கிடைத்த சான்று வேண்டுமானால், 2018ல் வெளிவந்த ஷாங்காய் ஆய்வைச் சொல்வேன். நீரிழிவு உள்ள 43 பேர். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து. ஒரு பிரிவுக்கு மட்டும் முழுதானியம், பருப்பு, நார்ச்சத்து மிகுந்த உணவு. பன்னிரண்டு வாரத்தில் அந்தப் பிரிவில் நூற்றுக்கு 89 பேரின் எச்பிஏ1சி ஏழுக்குக் கீழ் வந்தது. மற்றப் பிரிவில் நூற்றுக்குச் சரிபாதி. நாரைத் தின்று வாழும் குடல் கிருமிகள் பெருகியதே வேறுபாட்டுக்குக் காரணம் என்றார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் தேக்கா சந்தையில் இரண்டு கட்டு முருங்கைக் கீரையும் ஒரு பொட்டலம் கறுப்புக் கொண்டைக்கடலையும் வாங்க, யாரும் பெரிய ஆய்வுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

காத்திருப்பது என்றதும் என் பெரியப்பாவைச் சொல்ல வேண்டும். வயது 66. எச்பிஏ1சி ஒன்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. இன்சுலின் தொடங்கலாம் என்று மருத்துவர் இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். “சாக்லேட்டா வரப்போவுதாம்மா. அதுக்குள்ள எதுக்கு ஊசி?” என்று என்னிடமே அந்த வாட்ஸ்அப் செய்தியைக் காட்டுவார். ஊசி என்றால் ‘கடைசிக் கட்டம்’ என்ற பயம் அவருக்கு. அவருடைய அம்மாவுக்கு இன்சுலின் தொடங்கியபோது கால் புண் முற்றியிருந்தது. அதனால் ஊசியையும் காலையும் அவர் மனம் சேர்த்தே வைத்திருக்கிறது.

நான் அவருக்குச் சொன்னது பிரிட்டனின் நீண்டகால நீரிழிவு ஆய்வைப் பற்றி. 1977ல் தொடங்கி 20 ஆண்டு நடந்தது, 5,000க்கும் மேற்பட்ட புது நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. மருந்தோ இன்சுலினோ கொடுத்துச் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் கால்வாசி குறைந்தன. ஆய்வு முடிந்த ஓராண்டுக்குள் இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. ஆனாலும் பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கிடைத்த நன்மை தொடர்ந்தது. உடம்பு பழைய கணக்கை மறப்பதில்லை. பெரியப்பா அதையெல்லாம் கேட்டுக்கொண்டார், அசையவில்லை. கண் பரிசோதனைப் படத்தில் விழித்திரையில் சிறு கசிவுகள் தெரிந்த பிறகுதான் ஒத்துக்கொண்டார். பேனாவின் ஊசியைப் பார்த்து “இவ்ளோதானா?” என்றார். அதன் நீளம் 4 மில்லிமீட்டர்.

மாத்திரை வருவதற்குள் ஊசியின் எண்ணிக்கையே குறைந்துவிடும் போலிருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் ‘ஐகோடெக்’ இன்சுலினுக்கு 2024ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 365 ஊசி 52 ஆகிவிடும். பெரியப்பாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால், அது வரட்டும் என்று கையிலிருக்கும் பேனாவை மேசையில் வைத்துவிடுவார்.