தொழிற்கல்வியில் இடைநிற்றல்: காரணமும் கடமையும்

கல்வி என்னும் ஆற்றில் இறங்குவோர் பலர். அக்கரை சேர்ந்தோரை நாம் மாலையிட்டு வரவேற்கிறோம். நடுவில் நின்றுவிட்டோரை எண்ணிப் பார்ப்பதில்லை. எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்து, தொழிற்பயிற்சி நிலையத்திலோ மேல்நிலைப் பள்ளியின் தொழிற்பிரிவிலோ சேர்ந்து, ஓராண்டும் நிறைவுறாமல் விலகிவிடும் இளைஞர்கள் அத்தகையோர். அவர்களைக் குறித்து ஊரார் வழங்கும் தீர்ப்பு ஒன்றே: 'பையனுக்குப் படிப்பு ஏறவில்லை.'

இத்தீர்ப்பு எளிது, ஆனால் உண்மையன்று. இடைநிற்றல் ஒரே நாளில் எடுக்கப்படும் முடிவன்று. பல வாரங்களாகப் படிப்படியாக நிகழ்வது. ஆகவே முன்கூட்டியே காணக்கூடியது. காணக்கூடியதாகலின் தடுக்கவும் கூடியது. இதுவே இக்கட்டுரையின் துணிபு.

திட்டங்களும் தயக்கமும்

தொழிற்கல்வியின் தேவையை நம் நாடு உணராமல் இல்லை. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் தொடங்கப்பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய்ப் புகழ்பெற்ற டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு (1952-53), பல்நோக்குப் பள்ளிகளையும் தொழில்நுட்பப் பள்ளிகளையும் பரிந்துரைத்தது. தமிழகத்தில் 1978-இல் மேல்நிலைக் கல்வி மலர்ந்தபோதே தொழிற்பிரிவும் உடன்மலர்ந்தது. மேல்நிலை மாணவருள் 25 விழுக்காட்டினரை 1995-க்குள் தொழிற்பிரிவில் சேர்க்க வேண்டுமென 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை இலக்கு வகுத்தது. 1992-இல் அவ்விலக்கு 2000-ஆம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

திட்டங்கள் இருந்தும் தயக்கம் நீங்கவில்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1953-இல் கொண்டுவரப்பட்ட அரைநாள் பள்ளித் திட்டம், தந்தையின் தொழிலையே மகன்மேல் சுமத்தும் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு 1954-இல் கைவிடப்பட்டது. அவ்வெதிர்ப்பு நியாயமானதே. எனினும், பிறப்பால் சுமத்தப்படும் தொழில் வேறு. தானே தேர்ந்து கற்கும் தொழில்நுட்பம் வேறு. இவ்வேறுபாடு பெற்றோர் பலரின் உள்ளத்தில் இன்றும் தெளிவுபெறவில்லை. மதிப்பெண் மிகுந்தவனை அறிவியல் பிரிவுக்கும், குறைந்தவனைத் தொழிற்பிரிவுக்கும் அனுப்புகிறோம். 'உனக்கு வேறு வழியில்லை' என்ற சொல்லோடு பட்டறைக்குள் நுழைகின்றவன் எவ்வாறு அங்கு நிலைப்பான்?

மாணவன் இடறும் இடங்கள்

முதலாவது இடம், தொடக்க மாதங்கள். பிட்டர் பிரிவில் சேர்ந்தவன் பல வாரங்கள் இரும்புத் துண்டை அராவிக்கொண்டும், குறியிட்டுக்கொண்டும், வாளால் அறுத்துக்கொண்டும் இருக்கின்றான். கையும் கண்ணும் ஒன்றுபடுவதற்கு அப்பயிற்சி இன்றியமையாதது. ஆனால் அதன் நோக்கத்தை அவனுக்கு யாரும் விளக்குவதில்லை. அவனோடு படித்த தோழனோ மெக்கானிக் கடையில் சேர்ந்த முதல் மாதமே என்ஜினைக் கழற்றுவதாகப் பெருமை பேசுகின்றான். சனிக்கிழமைதோறும் கூலியும் பெறுகின்றான். ஒப்புநோக்கும் உள்ளம் சோர்வடைவது இயல்பே.

இரண்டாவது இடம், கணக்கும் வரைபடமும் மொழியும். அரம் பிடித்த கையில் குறையில்லை. பின்னமும் தசமமும் வருமிடத்தில்தான் அவன் திகைக்கின்றான். வெர்னியர் அளவியில் 0.02 மில்லிமீட்டர் வரை படித்தறிய வேண்டியவனுக்கு ஐந்தாம் வகுப்புப் பின்னமே ஐயமாக இருக்கின்றது. அதன்மேல் ஆங்கிலக் கலைச்சொற்கள் வந்து குவிகின்றன. பொருள் விளங்காத சொல்லை மனப்பாடம் செய்தவன் தேர்வில் தோற்கின்றான். தனக்கு அறிவில்லை என்று தானே முடிவு கட்டிவிடுகின்றான். உண்மையில் அவனிடம் இல்லாதது அறிவன்று, அடித்தளமே.

மூன்றாவது இடம், வருகைப் பதிவேடு. தொழிற்பயிற்சி நிலையத்தில் 80 விழுக்காடு வருகை இல்லாதவன் தேர்வெழுத இயலாது. ஒழுங்கைக் காக்க எழுந்த விதி அது. ஆனால், தந்தையின் நோயாலோ தமக்கையின் திருமணத்தாலோ சில வாரங்கள் வராதவன், 'இனிப் போய் என்ன பயன்?' என்று எண்ணி முற்றிலும் நின்றுவிடுகின்றான். அவன் பெயர் அடிக்கப்படும் நாளில்தான் நிறுவனம் விழித்துக்கொள்கிறது. அவன் விலகியதோ அதற்கு நெடுநாள் முன்னரே!

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பள்ளிகளை ஆராய்ந்து இராபர்ட் பால்பான்ஸ் முதலியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வும் இதனையே வலியுறுத்துகின்றது. வருகைக் குறைவு, நடத்தைக் குறை, கணக்கிலோ மொழிப்பாடத்திலோ தோல்வி ஆகிய அடையாளங்களைக் கொண்டே, பின்னாளில் இடைநிற்கக்கூடிய மாணவரை ஆறாம் வகுப்பிலேயே இனங்காணலாம் என்பது அவர்தம் முடிவு. நம்மிடமும் வருகைப் பதிவேடு உண்டு. மதிப்பெண் பட்டியலும் உண்டு. படித்துப் பார்க்கும் கண்தான் வேண்டும்.

நம் சமுதாயத்தின் நிலை

6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் சிறாருள் 25 விழுக்காட்டினர் பள்ளிக்கே செல்லாதோர் அல்லது இடையில் நின்றோர் என நீதியரசர் சச்சார் குழு 2006-இல் அறிவித்தது. இது நாடு முழுமைக்குமான கணக்கு. தமிழகம் இவ்வகையில் முன்னேறிய மாநிலமே. ஆயினும் நாம் அமைதி கொள்வதற்கில்லை. நம் இல்லங்களில் மற்றுமோர் ஈர்ப்பும் உண்டு. அதுவே வளைகுடா விசா. மாமனோ மச்சானோ விசா அனுப்பியதும் பயிற்சியைப் பாதியில் விட்டு விமானம் ஏறுகின்றான் இளைஞன். சான்றிதழோடு சென்றிருந்தால் எலக்ட்ரீஷியனாக மதிக்கப்பட வேண்டியவன், சான்றிதழ் இன்மையால் எடுபிடி ஆளாகவே ஆண்டுகளைக் கழிக்கின்றான். ஓராண்டுப் பொறுமை, ஒரு வாழ்நாளின் ஊதியத்தையே மாற்றிவிடும் என்பதை அவனுக்கு எடுத்துரைப்பவர் யார்?

கைத்தொழிலை இழிவெனக் கருதும் மனப்பான்மை நம் மார்க்கத்திற்குச் சற்றும் பொருந்தாதது. நூஹு நபி (அலை) கப்பல் கட்டினார்கள். தாவூது நபி (அலை) இரும்பைக் கையாண்டு கவசம் செய்தார்கள். ஜகரிய்யா நபி (அலை) தச்சராக விளங்கினார்கள். இறைத்தூதர்களே ஏற்ற உழைப்பை நம் பிள்ளை ஏற்பது எவ்வாறு இழிவாகும்? வள்ளுவப் பெருந்தகையும் ஆள்வினையுடைமை என ஓர் அதிகாரமே வகுத்தார் அன்றோ?

செய்யத்தக்கன

1. தொடர்ந்து இருநாள் வராத மாணவனின் இல்லத்திற்கு மூன்றாம் நாளே ஆசிரியர் ஒருவர் செல்லுதல் வேண்டும். கண்டிப்பதற்காக அன்று; கேட்பதற்காக. 'உன்னைக் காணோமே' என்ற ஒரு சொல் பல மாணவரை மீட்கும்.

2. முதல் நான்கு வாரங்களில் பின்னம், தசமம், அளவைகள் ஆகியவற்றை அடிப்படையிலிருந்து கற்பித்தல் வேண்டும். கலைச்சொற்களைத் தமிழ் விளக்கத்தோடு சிறு கையேடாக்கித் தருதல் வேண்டும். இப்பணியில் நம்போன்ற தமிழ்த்துறைகளுக்குப் பங்குண்டு. நம் மாணவர் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய தொண்டு இது.

3. 2022-இல் தொடங்கப்பெற்ற புதுமைப்பெண் திட்டமும், 2024-இல் தொடங்கப்பெற்ற தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொழிற்பயிற்சி மாணவரையும் கருத்திற்கொண்டன. இத்தகைய உதவிகளைப் பற்றி அறியாமலேயே விலகுவோர் உளர். ஒவ்வொரு ஜமாஅத்திலும் விண்ணப்பம் எழுதித்தர ஒருவர் இருந்தால் போதும்.

4. பைத்துல்மால் நிதியிலிருந்து, ஜகாத் பெற உரிய மாணவருக்குப் பேருந்துக் கட்டணம், மதிய உணவு, கருவிகள், சீருடை ஆகியவற்றை மாதந்தோறும் வழங்கலாம். கட்டடத்திற்கு வழங்கும் பெரிய நன்கொடையால் கல்வெட்டில் பெயர் நிற்கும். இச்சிறிய உதவியாலோ ஒரு மாணவனே நிற்பான்.

5. பட்டறை உரிமையாளரும் கடை உரிமையாளரும், பயிற்சியை முடிக்காதவனை முழுநேர வேலைக்கு அமர்த்துவதில்லை என உறுதிபூணுதல் வேண்டும். விடுமுறையில் வேலை தருக, ஊதியமும் தருக, பாடவேளையில் அழைக்கற்க.

6. பெண்மக்களுக்குத் தொலைவும் பாதுகாப்புமே பெருந்தடை. அண்மையில் விடுதியும், நேரத்திற்குப் பேருந்தும் கிட்டுமாயின் அவர்தம் ஆர்வம் தடைப்படாது.

7. விலகியவன் மீண்டும் வர விரும்பினால் அவனை ஏளனம் செய்யாமல் ஏற்றல் வேண்டும். தோல்வியுற்றவன் என்னும் முத்திரையே அவனைத் திரும்ப வரவிடாமல் தடுக்கின்றது.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! உங்கள் தெருவிலும் பாதியில் நின்ற ஒரு தோழன் இருப்பான். அவனைத் தேடிச் சென்று பேசுங்கள். ஆசிரியப் பெருமக்களே! தேர்ச்சி விழுக்காட்டைக் கணக்கிடும்போது, தேர்வறைக்கே வாராதோரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சமுதாயப் பெரியோர்களே! ஜும்ஆ மேடையில் கல்வியைப் பற்றிப் பேசும்போது, மருத்துவத்தையும் பொறியியலையும் மட்டுமன்றிப் பட்டறையையும் ஒரு சொல் பாராட்டிப் பேசுங்கள்.

வாயிலில் சேர்ப்பது எளிது. கரையில் சேர்ப்பதே கடமை. அக்கடமையை நிறைவேற்றும் ஆற்றலை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!